ஞாயிறு பூசையை விடலாம் என்று வின்சென்ட் தே பவுல் சொன்னாரா?

கொடிமரம்:
"படுத்துக்கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுத்தால் அதுவே ஞாயிறு பூசை, வின்சென்ட் தே பவுலே அப்படித்தான் சொன்னார்" என்று நேற்று இங்கே ஒரு பதிவு. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வேறு. ஏழைகளுக்காகவே வாழ்ந்த அந்தப் பிரெஞ்சுப் புனிதர் சொன்னது செபத்தைப் பற்றி. செப நேரத்தில் ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தால் மனம் கலங்காமல் போங்கள் என்றார். கோயில் பூசையை, அதாவது திருப்பலியை, விடச் சொன்னாரா? எங்கே? காட்டுங்கள்.

சம்மனசு:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கண்ணால் காணும் சகோதரரிடம் அன்பு இல்லாதவர் காணாத கடவுளிடம் எப்படி அன்பு செலுத்துவார் என்று யோவான் தம் முதல் கடிதத்தில் கேட்கிறார். உங்களுக்கு வருகைப் பதிவேடுதான் பக்தி.

கொடிமரம்:
யோவானை நானும் படித்திருக்கிறேன். அடுத்த அதிகாரத்தையும் புரட்டுங்கள். கடவுளை அன்பு செய்து அவர் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும்போதுதான் அவருடைய பிள்ளைகளையும் அன்பு செய்கிறோம் என்று தெரியும் என்கிறார். அது இருக்கட்டும். நான் கேட்டது பூசை.

வைகைக்கரை:
கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 2181: நோய், கைக்குழந்தைப் பராமரிப்பு போன்ற தக்க காரணம் இருந்தால் ஞாயிறு பூசை காணும் கடமை இல்லை. கடவுளை நேசிப்பதும் பிறரை நேசிப்பதும் ஒரே வகைச் செயல் என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாசும் எழுதிவிட்டார். அப்புறம் எதற்குச் சண்டை?

கொடிமரம்:
பிறரை நேசிப்பதற்குக் காரணமே கடவுள்தான் என்று அதே இடத்தில் அதே தோமா சொல்கிறார், அது மட்டும் கண்ணில் படாதே! தக்க காரணம் வேறு, "கஞ்சியே பூசை" வேறு. நம் ஊரில் கல்யாண வரவேற்பும் தக்க காரணம், கிரிக்கெட்டும் தக்க காரணம். அன்னை தெரசாவின் கன்னியர்கள் காலையில் பூசை கண்டுவிட்டுத்தான் நோயாளிகளிடம் போகிறார்கள். 1973 முதல் தினமும் ஒரு மணி நேர ஆராதனையும் உண்டு. அவர்களைவிட உங்களுக்கு ஏழைகள்மேல் பாசம் அதிகமோ?

சம்மனசு:
1634 ஜூலை 31 அன்று தம் பிறரன்புப் புதல்வியர் சபைப் பெண்களுக்கு வின்சென்ட் ஆற்றிய உரை. செபத்தையும் திருப்பலியையும் விட்டு ஏழைகளுக்குப் பணி செய்யப் போனாலும் நீங்கள் எதையும் இழப்பதில்லை, ஏழைக்குப் பணி செய்வதே கடவுளிடம் போவதுதான் என்கிறார். பூசை வந்துவிட்டதா? கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

கொடிமரம்:
படித்தேன். நாட்காட்டியும் பார்த்தேன். 1634 ஜூலை 31 திங்கட்கிழமை. அவர் சொன்னது வாரநாள் பூசை. ஞாயிறு பூசை எங்கே?

சம்மனசு:
பேசியது திங்கட்கிழமை என்றால் பேச்சு திங்கட்கிழமைக்கு மட்டும் பொருந்துமா? அப்படியானால் இயேசுவின் மலைப்பொழிவு என்ன கிழமை? அதையும் பார்த்துச் சொல்லுங்கள், மற்ற நாட்களில் நாங்கள் ஓய்வெடுத்துக்கொள்கிறோம்.

முத்துக்குளி:
அந்தச் சபை தொடங்கியதே 1633இல். அடைப்பு மடத்துக்குள் இருக்காமல் தெருவில் இறங்கிய பெண்கள். நோயாளிகளின் வீடே உங்கள் மடம், நகரத்துத் தெருவே உங்கள் அடைப்பு என்று சொல்லி அனுப்பினார் வின்சென்ட். ஞாயிறு காலை எழ முடியாதவர்கள் அந்தப் பெண்களின் முந்தானையில் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

சம்மனசு:
வந்துவிட்டார் ஒத்து ஊத. நீங்கள் கடைசியாகப் பங்கு மக்களின் அன்பியக் கூட்டத்துக்கு வந்தது எப்போது? உண்டியல் கணக்கு கேட்ட நாளிலிருந்து ஆளையே காணோம்.

முத்துக்குளி:
கணக்கைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். கொடியேற்றத்துக்கு வசூலித்த பணத்துக்கு ரசீது எங்கே?

வைகைக்கரை:
ஐயா, தலைப்பு இறையன்பும் பிறரன்பும்.

கொடிமரம்:
தலைப்பு ஞாயிறு பூசை. நான்தான் தொடங்கினேன், எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமைக்கு இன்னும் பதில் வரவில்லை. போன வருடம் நன்மையை, அதாவது நற்கருணை அப்பத்தை, கையில் வாங்குவதா நாவில் வாங்குவதா என்ற விவாதத்திலும் இதே சம்மனசு பாதியில் ஓடினார். இருங்கள், அந்த இழையைத் தேடி எடுத்து இங்கேயே ஒட்டுகிறேன்.