மாமர நிழலில் காட்டுப் பெரணி (ஃபெர்ன்) வருமா?

பின்கட்டு:
ஜெயநகரில் வாடகை வீடு. பின்னால் பெரிய மாமரம், அதன் அடியில் காலையில் ஒரு கீற்று வெயில் விழும், அவ்வளவுதான். செம்பருத்திகூட நிற்கவில்லை. நர்சரியில் வாங்கிய பாஸ்டன் பெரணி மார்ச்சிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. போன வாரம் மடிக்கேரி போனேன், பாறை இடுக்கெல்லாம் பெரணி. அடுத்த முறை இரண்டு பிடுங்கி வந்தால் பிழைக்குமா? இங்கே போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

சருகு:
காட்டில் பிடுங்காதீர்கள், தப்பு. அந்த ஈரத்தில் வளர்ந்தது பெங்களூரு ஏப்ரலைத் தாங்கவும் தாங்காது. உங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள், காரை பெயர்ந்த இடத்தில் சீப்பு மாதிரி நீள இலையோடு ஒன்று நிற்கும், டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும், போர் தண்ணீரெல்லாம் பொருட்டே இல்லை. சூப் மட்டும் வைத்துவிடாதீர்கள், மண்ணில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். 2001இல் கண்டுபிடித்தது.

நாமக்கல்காரன்:
சூப் என்றால் எங்கள் கொல்லிமலை முடவாட்டுக்கால்தான்! அதுவும் பெரணிதான், ஆட்டுக்கால் மாதிரி முடியோடு இருக்கும் கிழங்கு. முளை உடையாத துண்டு கிடைத்தால் மண்ணில் புதைக்காமல் மாமரக் கவட்டில் தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டுங்கள், விழுகிற சருகை அதன் பழுப்பு இலைகளே ஏந்தி உரமாக்கிக்கொள்ளும். கோடையில் பச்சை இலை உதிர்ந்து மொட்டையாகும், செத்துவிட்டது என்று நான் ஒன்றை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

பின்கட்டு:
சருகு சார், சுவரில் நிஜமாகவே இருக்கிறது! ஆனால் இலைக்கு அடியில் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு. ஏதோ பூச்சி என்று வேப்பெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.

சருகு:
அய்யோ, அதுதான் வித்துத்தூள்! பெரணிக்கு ஏது விதை, இந்தத் தூளிலிருந்துதான் முளைக்கும். துடைக்காத இலையாக ஒன்று பறித்துப் பேப்பரில் மடித்து வையுங்கள், ஓரிரு நாளில் பழுப்புத் தூள் கொட்டும். ஒரு செங்கல்லைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, ஆறியதும் தட்டுத் தண்ணீரில் நிறுத்தி, மேலே தூவி பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். வெயில் படக்கூடாது. சில வாரத்தில் பாசி படர்ந்த மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டி இதய வடிவம். அந்தக் கட்டத்தில் ஈரம் காயவே கூடாது, ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் கரு கூடும். இலை வர மாதக்கணக்கில் ஆகும்.

பின்கட்டு:
சரி சார். ஓனர் சனிக்கிழமை சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பறித்துவிடுகிறேன்.