மருந்து போட்டும் பேன் போகவில்லை, உதவுங்கள்

சடைக்காரியின் அம்மா:
மகளுக்கு ஏழு வயது. விடுமுறையில் உறவுக்காரப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்துப் புரண்டாள். சில வாரம் கழித்துத் தலையைச் சொறியத் தொடங்கினாள். மருந்துக்கடையில் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் வாங்கிப் போட்டேன். அன்று சீப்பில் செத்த பேன்கள் கொத்தாக வந்தன. பத்தே நாளில் மறுபடியும் பொடிப் பேன்கள்! மருந்து போலியா? மாமியார் மொட்டை அடித்துவிடு என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள்.

வேப்பங்காற்று:
சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பரம்பரையாக இதுதான்.

கண்பிரிவு செவிலி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த விதைத்தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்படலம் உரிந்துபோகும். தலைக்குப் பூசிக் குளித்தபின் கண் திறக்க முடியாமல் வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பற்றும். கற்பூரம் கரைத்த எண்ணெயைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வலிப்பே வரும்.

வேப்பங்காற்று:
இது எனக்குத் தெரியாது. என் யோசனையை விட்டுவிடுங்கள்.

மருந்தாளுநர்:
மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள். எண்ணெய் வைத்த தலையிலா போட்டீர்கள்? இரண்டாம் முறை போட்டீர்களா? பிள்ளையோடு யார் படுக்கிறார்கள்?

சடைக்காரியின் அம்மா:
எண்ணெய்த் தலையில்தான் போட்டேன். ஒரு முறைதான். பாட்டியோடு படுக்கிறாள், பாட்டி தலையில் ஒன்றும் இல்லை என்கிறார்.

மருந்தாளுநர்:
மூன்றிலுமே பிசகு இருக்கிறது அக்கா. முதலில் கண்டிஷனர் இல்லாத ஷாம்புவால் எண்ணெய் போக அலசி, துண்டால் துவட்டி, ஈரம் லேசாக இருக்கும்போது வேர்க்கால் வரை தடவுங்கள். பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும். அதன்பின் இரண்டு நாள் தலைக்கு ஷாம்பு வேண்டாம்.

இந்த மருந்து பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது. தப்பிய ஈர் ஏழெட்டு நாளில் பொரிக்கும். அது வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது நாளாவது ஆகும். அந்த இடைவெளியில் பிடித்துவிட வேண்டும். அதனால்தான் ஒன்பதாம் நாள் மறுபடி போடச் சொல்வது. ஈரைப் பேனாக்குவது பழமொழியில் மட்டும் நடப்பதல்ல!

நடுவில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஈரத் தலையைப் பேன்சீப்பால் வேரிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்புறத்தையும் பிடரியையும் விடாதீர்கள். வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருக்கும் வெள்ளை ஈர் பெரும்பாலும் வெற்றுக்கூடு. அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் மருந்து ஊற்ற வேண்டாம். இரண்டு முறை சரியாகப் போட்டும் உயிருள்ள பேன் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

ஆரம்பப்பள்ளி ஆசிரியை:
மொட்டை வேண்டாம் அம்மா, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். பேன் பறப்பதும் இல்லை, குதிப்பதும் இல்லை. தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறுகிறது. சுத்தமான தலையிலும் ஏறும். வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

சடைக்காரியின் அம்மா:
தலையணை உறையெல்லாம் வெந்நீரில் போட வேண்டுமா?

மருந்தாளுநர்:
கடைசி இரண்டு நாள் பயன்படுத்தியதைப் போட்டால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வீட்டையே புரட்டிப்போடாமல் அந்த நேரத்தில் பாட்டியின் தலையைச் சீவிப் பாருங்கள்.

சடைக்காரியின் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஒன்பதாம் நாள், இரண்டாம் முறையும் போட்டாயிற்று. மகளின் சீப்பில் இரண்டே பொடிப் பேன். பாட்டி "எனக்கா பேன்?" என்று முதல் நாளே முறுக்கிக்கொண்டார். பேத்திதான் கெஞ்சி உட்காரவைத்துச் சீவினாள். வெள்ளைத் துணியில் பதினொன்று. அன்றே அவருக்கும் மருந்து போட்டுவிட்டேன். மொட்டைப் பேச்சை அவரே விட்டுவிட்டார்.