சிம் ரவுட்டர்: பாஸ்வேர்டு மாத்தியும் லிஸ்ட்ல தெரியாத டிவைஸ், டேட்டா மதியத்துக்குள்ள காலி. ஹெல்ப் ப்ளீஸ்

நெட்டுக்கு_அலைபவன்:
வணக்கம் மக்களே. எங்க வீட்டுக்கு கேபிள் இழுக்க வழியில்ல, அதனால சிம் போடுற 4ஜி வைஃபை ரவுட்டர் ஒண்ணு வாங்கினேன். மொதல்ல சிம்மை போட்டதும் சிக்னல் கட்டை ஃபுல்லா காட்டுச்சு ஆனா நெட் வரல, அதே சிம்மை ஃபோன்ல போட்டா ஜம்முனு ஓடுது, அப்புறம் ஏபிஎன் (சிம் கம்பெனி நெட்டுக்குள்ள போற வழியோட பேரு) தான் பிரச்சனைன்னு தெரிஞ்சு ஃபோன் செட்டிங்ஸ்ல இருந்ததை எழுத்து மாறாம பார்த்து ரவுட்டர்ல புது ப்ரொஃபைல் போட்டு அதை டிஃபால்ட்டா வச்சதும் வந்துருச்சு. அது முடிஞ்ச கதை.

இப்ப என்னன்னா தினமும் டேட்டா மதியத்துக்குள்ள காலி ஆயிடுது. இதே பேக் ஃபோன்ல இருந்தப்ப ராத்திரி வரைக்கும் மிச்சம் இருக்கும். ரவுட்டரோட அட்மின் பேஜ் 192.168.8.1 போய் பார்த்தா 7 டிவைஸ் காட்டுது. வீட்ல இருக்கிறது என் ஃபோன், அம்மா ஃபோன், தங்கச்சி ஃபோன், என் லேப்டாப், அவ்ளோதான். மிச்சத்துக்கு பேர் இருக்க வேண்டிய இடத்துல அன்னோன்னு இருக்கு. சரி எவனோ ஒட்டிக்கிட்டான்னு வைஃபை பேரு பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்தி, எல்லா ஃபோன்லயும் நானே உக்காந்து டைப் பண்ணேன், யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் பார்த்தா லிஸ்ட் கொறையல, 10 ஆயிருச்சு!! பக்கத்து வீட்டு பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் மேல தான் டவுட்டு. ஹேக் பண்ணிட்டானா? ரவுட்டரை ரீசெட் அடிச்சிடவா?

தூக்கம்வரல:
சிம்பிள் ப்ரோ. ஒவ்வொரு டிவைஸுக்கும் மேக் அட்ரஸ்னு ஒரு அடையாள நம்பர் இருக்குல்ல, அதை வச்சு வடிகட்டுற மேக் ஃபில்டர் ஆன் பண்ணி உங்க 4 டிவைஸை மட்டும் அலவ் பண்ணுங்க, வைஃபை பேரை ஹைட் பண்ணிடுங்க. பேரே தெரியலன்னா எப்படி வருவான்.

சிக்னல்_சித்தர்:
தூக்கம்வரல தம்பி, அது ரெண்டும் பூட்டே இல்ல. பேரை மறைச்சாலும் உன் ஃபோன் வீட்டுக்கு வெளியே போற இடமெல்லாம் "அந்த நெட்வொர்க் இருக்கா, இருக்கா"ன்னு பேர் சொல்லி கூப்டுக்கிட்டே திரியும், கேக்கத் தெரிஞ்சவன் ஈஸியா கேட்டுருவான். மேக் அட்ரஸும் காத்துல என்க்ரிப்ட் ஆகாம தான் போகுது, அதை காப்பி அடிக்கிறது பெரிய வித்தையில்ல. அதோட இப்ப இருக்குற நிலைமைல மேக் ஃபில்டர் போட்டா வீட்டு ஆளுங்களே வெளிய நிக்கணும், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அலைபவன், ரீசெட் இப்ப வேணாம். அடிச்சா நீ போட்ட ஏபிஎன் ப்ரொஃபைல் போயிடும், ஸ்டிக்கர்ல இருக்குற பழைய பாஸ்வேர்டும் திரும்ப வந்துரும். மொதல்ல இதுக்கு பதில் சொல்லு. ஒண்ணு, வைஃபை ஒரே பேர்ல வருதா, இல்ல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு பேரு 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பேருன்னு ரெண்டா வருதா? அந்த 10 மேக் அட்ரஸ்லயும் மொத ரெண்டு எழுத்து மட்டும் போடு, முழுசா போடாத. டபிள்யூபிஎஸ், அதான் பாஸ்வேர்டு டைப் பண்ணாம கனெக்ட் பண்ற வசதி, ஆன்ல இருக்கா? அட்மின் பேஜ்க்குள்ள போற பாஸ்வேர்டை மாத்தினியா?

நெட்டுக்கு_அலைபவன்:
ரெண்டு பேர் வருது அண்ணா, 5 போட்டது ஒண்ணு போடாதது ஒண்ணு. ஃபோன் எல்லாத்துலயும் ரெண்டுமே சேவ் பண்ணி வச்சிருக்கோம், எது நல்லா இருக்கோ அதுல போறது. நான் மாத்தினது 5 இல்லாதது. டபிள்யூபிஎஸ் ஆன்ல தான் இருக்கு, அது என்னன்னு தெரியாததால தொடல. அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கர்ல இருந்ததே தான், அது வைஃபை பாஸ்வேர்டோட சேர்ந்து மாறிடாதா?

மேக்: 8சி, 3ஏ, ஈ6, 52, 9ஈ, 06, பி2, டி6, 7ஏ, 42.

சிக்னல்_சித்தர்:
பக்கத்து வீட்டு பையன்கிட்ட மனசுக்குள்ளயே ஒரு சாரி சொல்லிடு :)

அந்த ஜோடில ரெண்டாவது எழுத்தை மட்டும் பாரு. 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது கம்பெனி பொறிச்சுக் குடுத்த மேக் இல்ல, டிவைஸ் தானா உருவாக்கிக்கிட்ட பொய் மேக். உன் லிஸ்ட்ல 8சி மட்டும் தான் நிஜம், அது உன் லேப்டாப்பா இருக்கும். மிச்சம் 9ம் பொய் மேக். ஆண்ட்ராய்டு 10லருந்தும், ஐஃபோன்ல 2020ல வந்த ஐஓஎஸ் 14லருந்தும் ஃபோனுங்க இப்படித்தான் பண்ணுது, போற இடத்துலலாம் ஒரே மேக்கை காட்டினா ஆளை பின்தொடரலாம்னு ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு புது மேக் காட்டும்.

இப்ப கணக்கு போடு. 3 ஃபோன், ஒவ்வொண்ணும் 2.4 பேருக்கு ஒரு மேக், 5 பேருக்கு ஒரு மேக், ஆக 6, லேப்டாப் 1, மொத்தம் 7. நீ 2.4 பேரை மாத்தினதும் அது ஃபோனுக்கு புது நெட்வொர்க், அதனால மூணும் ஆளுக்கு ஒரு புது மேக் எடுத்துச்சு. 10 வந்துருச்சா? பழையது ஏன் போகலன்னா நீ பார்க்குறது ரவுட்டர் ஐபி அட்ரஸ் குடுத்த லிஸ்ட், இப்ப கனெக்ட் ஆகியிருக்குற லிஸ்ட் இல்ல. ஒரு தடவ ஐபி குடுத்தா அந்த லீஸ், அதாவது ஐபி செல்லுபடியாகுற நேரம், முடியுற வரைக்கும், நெறைய ரவுட்டர்ல 24 மணி நேரம், டிவைஸ் கெளம்பிப் போனாலும் பேர் அங்கயே கெடக்கும். இந்த லட்சணத்துல மேக் ஃபில்டர் போட்டா என்ன ஆகும்னு நீயே யோசி.

கணக்கு டேலி ஆகுதுன்னு அப்படியே நம்பிடாத, ஃபோன்லயே பார்த்துக்கலாம். வைஃபை பேர் மேல அழுத்தினா டீட்டெய்ல்ஸ்ல அந்த நெட்வொர்க்குக்கு காட்டுற மேக் இருக்கும், மூணு ஃபோன்லயும் ரெண்டு ரெண்டு நெட்வொர்க்குக்கும் பார்த்து லிஸ்ட்ல டிக் அடி. பழைய 2.4 பேருக்கான மூணு மட்டும் நாளைக்குள்ள தானா உதிர்ந்துடும்.

நெட்டுக்கு_அலைபவன்:
அண்ணா!!! டிக் அடிச்சேன், 6 மேட்ச் ஆகுது, லேப்டாப்பும் 8சி தான். அப்ப ஹேக்கே இல்லயா? டேட்டா எங்க போகுது அப்புறம்?

அனலாக்_அக்கா:
டேட்டாவ குடிக்கிறது உங்க வீட்டு ஆளுங்க தான் தம்பி, அதுவும் ஆளுக்கே தெரியாம. சிம் ஃபோன்ல இருந்தப்ப ஃபோன் அடக்கி வாசிச்சுது, ஏன்னா அது மொபைல் டேட்டான்னு அதுக்குத் தெரியும். வைஃபைல ஏறின உடனே ஓசி நெட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஃபோட்டோ வீடியோ எல்லாத்தையும் பேக்கப் ஏத்தும், ஆப் அப்டேட் இறக்கும், வீடியோ குவாலிட்டியையும் தானா தூக்கி வச்சுக்கும். லேப்டாப் விண்டோஸ் அப்டேட்ட பத்தி சொல்லவே வேணாம், சத்தமில்லாம ஜிபி கணக்குல இறக்கிட்டு அப்புறம் தான் ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேக்கும்.

ரவுட்டருக்குப் பின்னாடி இருக்குறதும் அளந்து வர்ற சிம் டேட்டா தான்னு ஒவ்வொரு டிவைஸுக்கும் நாம தான் சொல்லணும். ஆண்ட்ராய்டுல அந்த வைஃபையோட செட்டிங்ஸ்ல மீட்டர்டுன்னு மாத்துங்க, ஐஃபோன்ல அதே எடத்துல லோ டேட்டா மோட், விண்டோஸ்ல மீட்டர்டு கனெக்சன். ரெண்டு பேர் வருதுன்னா ரெண்டுலயும் பண்ணணும், ஒண்ணுல பண்ணிட்டு இன்னொண்ண விட்டா எல்லாம் அது வழியா ஓடும்.

நம்பிக்கை வரலன்னா ஒரு டெஸ்ட். எல்லா டிவைஸ்லயும் வைஃபைய அணைச்சுட்டு ரவுட்டர மட்டும் ஓட விடுங்க, கால் மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு ஃபோன ஏத்தி அட்மின் பேஜ்ல டேட்டா மீட்டர் நகர்ந்திருக்கான்னு பாருங்க. ரவுட்டர் தனக்குன்னு கொஞ்சூண்டு எடுக்கும், அது கேபி கணக்குல நிக்கும். எம்பில சரசரன்னு ஏறுச்சுன்னா வேற யாரோ இருக்காங்க.

சிக்னல்_சித்தர்:
அக்கா சொன்னது ரைட்டு. ஆனா ஹேக் இல்லன்னதும் நிம்மதியா படுத்துடாத தம்பி, உன் ரவுட்டர் இப்ப தெறந்த வீடு தான். ரெண்டு மேட்டர்.

நீ 2.4ஐ மட்டும் மாத்தியிருக்க. 5 ஜிகாஹெர்ட்ஸ் தனிப் பேர், தனி பாஸ்வேர்டு, அது இன்னும் ஸ்டிக்கர்ல இருக்குறதே. வீட்டுக்கு வந்த எவனாவது ஸ்டிக்கரை ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தா அவனுக்கு வழி இன்னும் அப்படியே இருக்கு.

அதை விடப் பெருசு அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டுங்கிறது உள்ள வர்றதுக்கு, அட்மின் பாஸ்வேர்டுங்கிறது ரவுட்டரையே ஆள்றதுக்கு. ஒண்ண மாத்தினா இன்னொண்ணு மாறாது. சிம் ரவுட்டர்ல இது ஏன் ரொம்ப முக்கியம்னா அட்மின் பேஜ்லயே எஸ்எம்எஸ் இன்பாக்ஸ் இருக்கும். அந்த சிம் நம்பருக்கு வர்ற ஓடிபி எல்லாம் அங்க தான் வந்து விழும். நீ ஃபோன்ல இருந்த சிம்மத்தான எடுத்துப் போட்ட, பேங்க்ல குடுத்திருக்குற நம்பரும் அதுவா?

நெட்டுக்கு_அலைபவன்:
ஆமா அண்ணா அதே நம்பர் தான். இப்பதான் மெசேஜ்னு ஒரு டேப் இருக்குறதயே பாக்குறேன், தொறந்தா பேங்க் ஓடிபி வரிசையா படுத்திருக்கு. ஓடிபி வரலன்னு அம்மா ஒரு நாள் கத்துனாங்க, அதெல்லாம் இங்க தான் இருந்திருக்கு!

சிக்னல்_சித்தர்:
அப்ப வைஃபை பாஸ்வேர்டு தெரிஞ்ச எந்த விருந்தாளியும் ஸ்டிக்கர் பாஸ்வேர்டை போட்டு அதைப் படிச்சிருக்கலாம். முடிஞ்சா ரவுட்டருக்கு தனி சிம் வாங்கு, பேங்க் நம்பர் ஃபோனுக்கே திரும்பிப் போகட்டும். அதுவரைக்கும் அட்மின் பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்து, வைஃபைக்கு வச்சதையே வைக்காத. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் கேமரா ரவுட்டர்னு லட்சக்கணக்குல பிடிச்சு ஆட்டுச்சே, அது பெரிய மூளையெல்லாம் யூஸ் பண்ணல, ஃபேக்டரி யூசர்நேம் பாஸ்வேர்டு லிஸ்ட் ஒண்ண வச்சுக்கிட்டு வரிசையா தட்டிப் பார்த்துச்சு, அவ்ளோதான். ரிமோட் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருந்தா ஆஃப் பண்ணு, வெளியிலருந்து அந்த பேஜை யாரும் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல.

டபிள்யூபிஎஸ்ஸையும் அணை. அதுல 8 நம்பர் பின் ஒண்ணு இருக்கு, கேக்க கோடிக்கணக்குல காம்பினேஷன் மாதிரி இருக்கும், ஆனா ரவுட்டர் அதை ரெண்டு பாதியா பிரிச்சு செக் பண்ணுது, மொத பாதி சரியா தப்பான்னு தனியா சொல்லிடுது, கடைசி நம்பர் வெறும் செக்சம், மத்த நம்பருங்கள வச்சு கணக்கு போட்டா தானா வந்துரும். அதனால 10,000 ப்ளஸ் 1,000, அதிகபட்சம் 11,000 தடவ தட்டினா தொறந்துரும். இது வெளிய வந்தது 2011ல. புது ரவுட்டர்ங்க கொஞ்ச தடவ தப்பா போட்டா லாக் ஆகும், இருந்தாலும் ஃபோன்ல ஒரு தடவ டைப் பண்ற சோம்பலுக்காக இதை ஆன்ல வைக்கிறது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

செக்யூரிட்டி டைப் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், இல்லன்னா டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 மிக்ஸ்டு. டிகேஐபின்னு இருக்குற பழசை எடுக்காத, அதை விடப் பழசான டபிள்யூஇபின்னு இருந்தா அந்தப் பக்கமே போகாத. பாஸ்வேர்டு 8லருந்து 63 எழுத்து வரைக்கும் போகும், சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தைய சேர்த்து நீளமா வை, பேரு பிறந்தநாள் ஃபோன் நம்பர் வேணாம்.

தூக்கம்வரல:
ஓகே சித்தரே, மேக் ஃபில்டர வாபஸ் வாங்கிக்கிறேன் 😅 எனக்கும் ஒரு டவுட்டு. சிம்முக்கு பின் லாக் போடலாமா? ரவுட்டர்லருந்து சிம்ம உருவிட்டுப் போனா?

சிக்னல்_சித்தர்:
போடலாம், நல்லது தான். மூணு தடவ தப்பா போட்டா பியுகேங்கிற அன்லாக் நம்பர் கேக்கும், பியுகே 10 தடவ தப்புன்னா சிம் செத்துரும், அதனால பியுகேவ மொதல்லயே எழுதி வச்சுக்க. சில ரவுட்டர் கரண்ட் போய் வந்ததும் பின் கேட்டு நிக்கும், பின்னை ஞாபகம் வச்சுக்குற ஆப்ஷன் இருந்தா டிக் பண்ணிடு.

நெட்டுக்கு_அலைபவன்:
அப்டேட்: எல்லாத்தையும் மாத்திட்டேன். அட்மின் தனி, 2.4, 5 ரெண்டும் ஒரே பேர் ஒரே பாஸ்வேர்டு ஆக்கிட்டேன், டபிள்யூபிஎஸ் ஆஃப். அக்கா டெஸ்ட்டும் பண்ணேன், எல்லாரும் வைஃபைய அணைச்சப்ப மீட்டர் கிட்டத்தட்ட அசையவே இல்ல. திரும்ப ஆன் பண்ணி தங்கச்சி ஃபோன் ஏறினதும் கிடுகிடுன்னு ஓட ஆரம்பிச்சுது, அவ மொத்த வீடியோவும் பேக்கப் ஏறிக்கிட்டு இருக்கு, அவளுக்கே தெரியல. மீட்டர்டு போட்டதும் நின்னுடுச்சு. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் டேட்டா தாங்குச்சு.

கடைசியா ஒண்ணு. வாசல்ல ஒரு வைஃபை கேமரா மாட்டி வெளியூர்லருந்து பாக்கணும், வெளியிலருந்து வர்றத ரவுட்டர் கேமராவுக்கு அனுப்புற போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன் வேலை செய்யல.

அனலாக்_அக்கா:
ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபி, அதாவது சிம் கம்பெனி ரவுட்டருக்கு குடுத்த ஐபி, என்னன்னு பாருங்க. 10ல ஆரம்பிச்சாலோ, 100.64லருந்து 100.127க்குள்ள இருந்தாலோ உங்களுக்கு சொந்தமா பப்ளிக் ஐபி இல்ல, ஆயிரம் பேர் ஒரே ஐபிய பங்கு போட்டுக்குறீங்க, சிஜிநாட்னு சொல்வாங்க. நீங்க எத்தன போர்ட் தொறந்தாலும் வெளியிலருந்து வர்றது கம்பெனி கிட்டயே நின்னுடும். சிம் நெட்ல பெரும்பாலும் இதான் நிலைமை, அதனால போட்ட ரூலை அழிச்சுட்டு கேமரா தானா வெளிய போய் கனெக்ட் ஆகுற ஆப் வழியா பாருங்க. டிவைஸுங்க தானா போர்ட் தொறந்துக்குற யுபிஎன்பிய அணைச்சு வைங்க. சிஜிநாட் இருக்கேன்னு அசால்ட்டா இருக்கவும் வேணாம், புது வகை ஐபி அட்ரஸான ஐபிவி6 வந்துச்சுன்னா அதுல அந்த மறைப்பு கெடையாது, ரவுட்டர்ல ஐபிவி6 ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு பாருங்க. கேமராவ விருந்தாளிக்குன்னு தனியா பிரிச்சு வச்ச கெஸ்ட் நெட்வொர்க்ல போடுங்க, உங்க லேப்டாப்ப அது பார்க்க வேண்டியதில்ல.

நெட்டுக்கு_அலைபவன்:
100.70ன்னு ஆரம்பிக்குது, அப்ப அதே தான். ரூலை அழிச்சுட்டேன் அக்கா, ஃபயர்வால் ஆன்ல தான் இருக்கு. கேமராவ கெஸ்ட்ல போட்டு ஆப்ல தெரியுது, குவாலிட்டிய மட்டும் கம்மி பண்ணி ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் ஏத்துற மாதிரி வச்சிருக்கேன், இல்லன்னா தங்கச்சி விட்ட எடத்த இது பிடிச்சிடும்.