மின்சார கிரில்லா, வார்ப்பிரும்புச் சட்டியா?

கேள்வி: இரண்டு பேருக்குத்தான் சமையல், சமையலறையும் சின்னது. மேடையில் வைக்கும் மின்சார கிரில் வாங்கலாமா, இல்லை வார்ப்பிரும்பு கிரில் சட்டியே போதுமா?

பதில் 1: வார்ப்பிரும்புதான். சூடாக நேரம் பிடிக்கும், ஆனால் ஏறிய சூடு லேசில் இறங்காது, குளிர்ந்த இறைச்சியைப் போட்டாலும் நன்றாகச் சிவக்கும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

பதில் 2: புகையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! மூடியுள்ள மின்சார கிரில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகவைக்கும், கொழுப்பும் கீழ்த்தட்டில் வடிந்துவிடும். என்னுடையதில் ஒட்டாத பூச்சு உரிந்துவிட்டது, உலோகக் கரண்டியால் சுரண்டியது என் தப்புதான்.

கேட்டவர்: தகட்டைக் கழற்றிக் கழுவலாமா?

பதில் 2: மாடலைப் பொறுத்தது. கழற்ற முடியாததை வாங்காதீர்கள், அதைத் தண்ணீரில் முக்கவே முடியாது.