கிடேரிக் கன்றுக்கு வீட்டிலேயே தலைக்கயிறு போடுவது எப்படி?

புதுத்தொழுவம் கேட்டது:

வணக்கம். ஜெர்சி கலப்புக் கிடேரிக் கன்று ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஏழு மாதக் கன்று. இப்போதைக்குக் கழுத்தில் கயிறு மட்டும்தான். தண்ணீர்த் தொட்டிக்கு அவிழ்த்துப் போனால் நான் அதைக் கூட்டிப் போகிறேனா, அது என்னைக் கூட்டிப் போகிறதா என்று தெரியவில்லை. இழுத்துப் பிடித்தால் கழுத்து இறுகி கர் கர் என்று சத்தம் வருகிறது, பயந்துபோய் நானே விட்டுவிடுகிறேன். மூக்குக் குத்து என்கிறார் பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா. இந்த வயதில் குத்த எனக்கு மனம் வரவில்லை. அதுவரைக்கும் முகத்தைச் சுற்றிப் போடும் தலைக்கயிறு போட்டுப் பழக்கலாம் என்று நினைத்துக் கடையில் கேட்டால், வைத்திருப்பதெல்லாம் பெரிய மாட்டு அளவு, கன்றின் முகத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. நானே செய்துவிடலாம் என்று 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஐந்து மீட்டர் வாங்கிவிட்டேன். எங்கே முடிச்சுப் போடுவது, எவ்வளவு அளவு விடுவது, செய்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டுத்தறி எழுதியது:

தம்பி, முதலில் அந்த நைலானை ஓரமாக வையுங்கள், கிணற்று வாளிக்கு ஆகும். கன்றுக்கு மூன்று புரி, அதாவது மூன்று இழை சேர்த்து முறுக்கிய பருத்திக் கயிறு வாங்குங்கள், சுண்டுவிரல் தடிமன் போதும், நீளம் ஆறு முழம். வளர்ந்த மாட்டுக்கு என்றால் எட்டு முழமும் பெருவிரல் தடிமனும் வேண்டும்.

கழுத்துக் கயிறு ஏன் நிற்காது என்றால், மாட்டுக்கு முழு பலமும் கழுத்திலும் தோளிலும்தான், நீங்கள் அங்கேயே கட்டி இழுத்தால் வண்டி இழுப்பது போல முன்னால் சாய்ந்துகொண்டு போகும். முகத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டால் தலை போகும் பக்கம்தான் உடம்பு போக முடியும். தலைக்கயிற்றின் சூட்சுமம் அவ்வளவுதான்.

இப்போது செய்முறை. கண்ணுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, ஒரு பக்கத் தாடையில் தொடங்கி மூக்குத் தண்டுக்கு மேலாக அடுத்த பக்கத் தாடை வரை நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஏழு மாதக் கன்றுக்கு ஏறக்குறைய ஒரு சாண் வரும். கயிற்றின் ஒரு முனையில் இருந்து அந்த ஒரு சாணும், அதற்கு மேல் ஒரு அரைச் சாணும் தள்ளி மையால் குறி போடுங்கள். குறி போட்ட இடத்தில் கயிற்றை முறுக்குக்கு எதிராகத் திருகினால் புரி பிளந்து வாய் திறக்கும். அந்த வாய்க்குள் குட்டை முனையை நுழைத்து, பெருவிரல் போகும் அளவுக்கு ஒரு கண்ணி நிற்கும்வரை இழுங்கள். அப்புறம் குட்டை முனைப் பக்கத்துப் புரியையும் அதே மாதிரி பிளந்து, நீளக் கயிறு முழுவதையும் அதற்குள் விட்டு உருவி எடுத்தால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் நகராது. இதுதான் பெரிய கண்ணி.

மிச்சம் விட்ட அரைச் சாண் எதற்கு என்றால், குட்டை முனையில் இன்னொரு சின்னக் கண்ணி போட. முனையை மடித்து, புரிகளைப் பிரித்து, கயிற்றுக்குள்ளேயே மேலும் கீழுமாக மூன்று தடவை செருகிவிடுங்கள். பெரிய கண்ணியை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்னக் கண்ணியை முதலில் போட்டுவிட்டால் அது புரிவாய்க்குள் நுழையாது, பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான், நான் ஆரம்பித்திருக்கிறேன்.

மாட்டும்போது பெரிய கண்ணி நீங்கள் நிற்கும் பக்கம் இருக்கட்டும். இரண்டு கண்ணிக்கும் நடுவே உள்ள ஒரு சாண் கயிறு மூக்கின் மேல். பெரிய கண்ணியில் இருந்து கிளம்பும் நீளக் கயிறு காதுகளுக்குப் பின்னால் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சின்னக் கண்ணிக்குள் நுழைந்து, தாடைக்கு அடியில் வந்து, பெரிய கண்ணி வழியாக வெளியே வரவேண்டும். வெளியே வருவதுதான் பிடிகயிறு. இழுத்தால் தாடைக்கு அடியில் இறுகும், விட்டால் தளரும். இரண்டு கண்ணியும் இறுகக்கூடிய உருவாஞ்சுருக்காக இருக்கவே கூடாது, நினைவிருக்கட்டும்.

பால்காரம்மா எழுதியது:

அண்ணன் சொன்ன செய்முறை சரி, நான் சொல்ல வந்தது வேறு. தலைக்கயிறு நன்றாக இருக்கிறதே என்று அதையே ராத்திரி பகலாக விட்டுவிடாதீர்கள் தம்பி. நாங்கள் அப்படித்தான் விட்டோம். கன்று மாதா மாதம் வளர்கிறது, கயிறு வளரவில்லை. காதுக்குப் பின்னால் முடி அடர்த்தியாக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரு நாள் தடவிக் கொடுக்கும்போது கை ஈரமாக வந்தது, விலக்கிப் பார்த்தால் கயிறு தோலுக்குள் போய்ப் புழு வைத்திருந்தது. டாக்டர் வந்து சுத்தம் செய்து, ஊசி போட்டு, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டு, ஆறுவதற்கு ஒன்றரை மாதம். அந்த வடு இன்னும் இருக்கிறது, இப்போது அது இரண்டு ஈத்து மாடு.

அதுவும் நைலான்தான். வழுவழுப்பாக இருக்கிறதே உறுத்தாது என்று நினைத்தோம். அது வெயிலில் கெட்டியாகும், மாடு வெடுக்கென்று இழுத்தால் தோலையும் அறுக்கும், நம் கையையும் அறுக்கும். தேங்காய் நாரும் வேண்டாம், முகத்து முடியை எல்லாம் தேய்த்து எடுத்துவிடும். நடத்தும்போது தலைக்கயிறு, கட்டும்போது கழுத்துக் கயிறு, அதிலும் இரண்டு விரல் இடைவெளி. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம்.

வெள்ளாட்டுக்காரன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆட்டுக்கும் இதே மாதிரி செய்யலாமா? சந்தைக்கு ஏற்றும்போது கிடாக்கள் படுத்தும் பாடு தாங்கவில்லை.

கட்டுத்தறி எழுதியது:

செய்யலாம், ஐந்து முழத்துக்குள் முடிந்துவிடும், கயிறு இன்னும் ஒரு பங்கு மெல்லியதாக இருக்கட்டும். ஆனால் ஆட்டுக்கு மூஞ்சி குட்டை. மூக்கின் மேல் வரும் கயிறு கொஞ்சம் இறங்கினாலும் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் இடத்துக்கு வந்துவிடும், அங்கே அழுத்தினால் மூச்சு அடைக்கும். மாட்டுக்கும் இதே கதைதான். அதனால்தான் கண்ணுக்குக் கீழே மூன்று விரல் என்றேன். ஆட்டுக்கு இரண்டு விரல் வையுங்கள்.

புதுத்தொழுவம் எழுதியது:

பருத்திக் கயிறு வாங்கி நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். புரி பிளப்பதற்குள் நகம் இரண்டு போச்சு, அப்புறம் அம்மா ஊதுகுழலின் மெல்லிய முனையைக் கொடுத்து இதை விட்டு நெம்பு என்றார்கள், அதன் பிறகு சுலபமாக வந்தது. காலையில் மாட்டினேன். பத்தடி நன்றாக வந்தது. அப்புறம் அது தலையை ஒரு உதறு உதறியதும் முழுக் கயிறும் சுழன்று, அந்தப் பக்கத்துக் கன்னக் கயிறு நேராகக் கண்ணுக்குள் ஏறிவிட்டது. கன்று மிரண்டு என் காலை மிதித்ததுதான் மிச்சம். எங்கே தப்பு?

கட்டுத்தறி எழுதியது:

மூக்கு அளவு எத்தனை வைத்தீர்கள்? ஒன்றரைச் சாண் வைத்திருப்பீர்கள், வளரட்டும் என்று.

புதுத்தொழுவம் எழுதியது:

ஆமாம் அண்ணா. வளருமே என்றுதான்.

கட்டுத்தறி எழுதியது:

பள்ளிக்கூடச் சட்டை தைப்பது மாதிரி நினைத்துவிட்டீர்கள். மூக்கின் மேல் வரும் கயிறு நீளமானால் இரண்டு கண்ணியும் தாடைக்கு அடியில் போய் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அடியில் இறுகுவதற்கு இடமே இருக்காது, அதனால் நீங்கள் இழுக்கும் இழுப்பு முழுவதும் கயிற்றைச் சுற்றுவதில் போகும், சுற்றினால் கண்தான். இரண்டு கண்ணிக்கும் நடுவே தாடைக்கு அடியில் குறைந்தது நான்கு விரல் வெறும் கயிறு தெரிய வேண்டும். தலைக்குப் பின்னால் போகும் கயிற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது சின்னக் கண்ணிக்குள் நகரும், அதனால் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கன்றின் அளவுக்கு நீண்டு கொடுக்கும். மூக்கு அளவு மட்டும்தான் மாறாதது, அதற்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை புதுசு போட்டுக்கொள்ளுங்கள், கயிறு என்ன விலை விற்கிறது?

இன்னொன்று, இழுத்துக்கொண்டே நிற்காதீர்கள். இழுங்கள், அது ஒரு அடி எடுத்து வைத்த அந்த நொடியே தளர்த்துங்கள். வந்தால் இறுக்கம் போகும் என்று அதற்குப் புரிய வேண்டும். தொடர்ந்து இழுத்தால் அதுவும் தொடர்ந்து இழுக்கும், அது உங்களைவிடப் பலசாலி.

பால்காரம்மா எழுதியது:

முதல் சில நாள் தண்ணீருக்கோ தீவனத்துக்கோ போகும் திசையிலேயே நடத்துங்கள், திரும்பி வரும்போது வம்பு செய்யாது. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துப் பிடியுங்கள்.

புதுத்தொழுவம் எழுதியது:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். பிரித்து ஒரு சாணுக்குக் குறைத்தேன், நான்கு விரல் இடைவெளியும் வந்தது, கண் பக்கம் கயிறு போகவே இல்லை. இன்று காலை தொட்டிவரை ஒரு கையாலேயே நடத்திப் போனேன். தாத்தா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டுக் கன்றுக்கும் ஒன்று போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஒரே ஒரு தொல்லை, நான் அசந்த நேரத்தில் பிடிகயிற்றின் நுனியை வாயில் இழுத்துப் போட்டுச் சப்பி, நூல் நூலாகப் பிரித்து வைத்திருக்கிறது.

பால்காரம்மா எழுதியது:

நுனியை நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டி, அதன் மேல் வேப்பெண்ணெய் தடவுங்கள். ஒரு தடவை வாயில் வைத்துப் பார்க்கட்டும்.