"பாலியல் செயலிழப்பு" வேண்டாம். "பாலுணர்வுத் தடங்கல்" எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு (schizophrenia) நோயாளிகளுக்காக நாம் எழுதும் கையேட்டில் sexual dysfunction என்பதற்குத் தமிழில் "பாலியல் செயலிழப்பு" என்றே இருக்கட்டும், ஏற்கெனவே புழங்கும் சொல்தானே என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செயலிழப்பு என்றதும் நம் ஆட்களுக்குச் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும். இனி மீளாது என்ற பயமும் சேர்ந்தே வரும். "ஆண்மைக்குறைவு" பெண்களை விட்டுவிடுகிறது. "தாம்பத்தியக் குறை" கல்யாணம் ஆகாதவர்களை விட்டுவிடுகிறது. இந்த நோய் பெரும்பாலும் தொடங்குவதே இருபதுகளையொட்டித்தான்.

உடம்பில் நடப்பதைப் பாருங்கள். இந்த நோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் போய் ஒட்டும் ஏற்பிகளை மறிக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்காமல் பிடித்து வைத்திருப்பது டோபமைன்தான். பிடி தளர்ந்தால் புரோலாக்டின் ஏறும். நாட்டம் குறையும், ஆணுக்கு விறைப்பு சரியாக வராது. பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியலாம். கல்யாணமாகாத பெண் இதை வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வாள்? மருத்துவர் அளவைக் குறைத்தாலோ, அரிபிப்பிரசோல் போன்ற வேறு மருந்துக்கு மாற்றினாலோ பலருக்குச் சரியாகிவிடுகிறது. மறித்து நிற்பதை எடுத்துவிட்டால் வழி திறக்கும் என்ற இந்த நம்பிக்கை "தடங்கல்" என்ற சொல்லிலேயே இருக்கிறது.

"மருந்துவழி" என்று முன்னால் சேர்க்கலாம் என்றார் அக்கா. எல்லா இடத்திலும் சேர்க்க வேண்டாம் என்பேன். நோயே ஆசையை மட்டுப்படுத்தும். மனச்சோர்வு, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் உண்டு. காரணம் மருந்துதான் என்று மருத்துவர் உறுதி செய்தபின் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் படித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

இப்போதே அதுதான் நடக்கிறது. புறநோயாளிப் பிரிவில் மகன் பக்கத்தில் அம்மா நிற்பார். "தூக்கம் வருதா, சாப்பிடுறாரா, மாத்திரை போடுறாரா?" மூன்றுக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுவார், சீட்டு கைக்கு வந்துவிடும். பாலுணர்வு பற்றிய நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவனாகச் சொல்லவும் அவனிடம் கூச்சமில்லாத ஒரு சொல் இல்லை. வீட்டுக்குப் போய் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பிவிடுகிறான். நோய் திரும்புகிறது. அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

உட்பிரிவுகள்: நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு, உச்சம் எட்டாமை, விந்து வெளிவராமை. வலியோடு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காத விறைப்பு இந்த வரிசையில் வரவே கூடாது. அபூர்வம்தான், ஆனால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை. "அடங்கா விறைப்பு" என்று தனிக்கட்டத்தில் போடுவோம்.

மாதவிலக்கு நிற்பது, பால் கசிவு இரண்டும் "புரோலாக்டின் மிகுதி" என்ற தலைப்பில் போகட்டும். புரோலாக்டினைத் தமிழாக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அந்தப் பெயரைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.