தங்கையின் பயாப்சி ரிப்போர்ட்டில் 24-க்கு 11: மருந்து கேட்கவில்லையா?

வைகைக்கரை:
என் தங்கைக்கு 23 வயது. கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் இரவு வரை மறையாத அளவுக்கு வீக்கம், சிறுநீரில் நுரை. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பயாப்சியில் லூபஸ் நெஃப்ரைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்), நான்காம் வகை என்று வந்தது. ஆக்டிவிட்டி 24-க்கு 11, க்ரானிசிட்டி 12-க்கு 2. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இப்போது ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைகோஃபினோலேட்டும். ஆறு வாரத்தில் சிறுநீரில் போகும் புரதம் 3.8-லிருந்து 3.1-க்குத்தான் இறங்கியிருக்கிறது. முகம் உப்பிவிட்டது என்று அழுகிறாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் மாத்திரை மட்டும் சாப்பிடப் போகிறாளாம். என்ன செய்வது?

தாழம்பூ:
தம்பி, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் உடல் தானாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். முகமும் அப்போது பழையபடி ஆகும், எனக்கு ஆனது.

அந்த 11 இப்போது நடக்கும் அழற்சி. அது தணியக்கூடியது. 2 என்பது தழும்பு. அது ஆறாது. இவ்வளவு குறைந்த தழும்போடு வைத்தியம் தொடங்கியது பெரிய விஷயம். எனக்கு முதல் பயாப்சியில் தழும்பு 1. கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதென்று நான்கு மாதம் மாத்திரையை விட்டேன். அடுத்த பயாப்சியில் 5. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

3.8-லிருந்து 3.1 நல்ல தொடக்கம்தான். மூன்று மாதத்தில் கால் பங்கு, ஆறு மாதத்தில் பாதி குறைய வேண்டும், ஒரு வருடத்தில் 0.7-க்குக் கீழே வர வேண்டும் என்பதே ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் வகுத்த இலக்கு.

நீலச்சாயம்:
பயாப்சி ஸ்லைடு தயாரிக்கும் வேலை என்னுடையது. நான்காம் வகையில் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். நொறுங்கிய அணுக்கருத் துகள்கள் தூவியதுபோல் தெரியும். ட்ரைக்ரோம் சாயமிட்டால் தழும்பு நீலமாகத் தெரியும். உங்கள் தங்கையின் ஸ்லைடில் நீலம் கொஞ்சம்தான் இருந்திருக்கும்.

அழற்சி தானாக ஓய்ந்துவிடுவதில்லை; உடல் அதை முனைந்து ஓயவைக்க வேண்டும். வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் மடியும், மேக்ரோஃபேஜ்கள் என்னும் துப்புரவு அணுக்கள் அவற்றை விழுங்கும், விழுங்கிய பிறகு அவையே சண்டையை நிறுத்தும் சமிக்ஞைகளைச் சுரக்கும். லூபஸில் இந்தத் துப்புரவு சரியாக நடப்பதில்லை. அள்ளாமல் கிடக்கும் அணுக்கருக் குப்பையையே உடல் எதிரியாக எண்ணி மறுபடி தாக்குகிறது. அதனால்தான் மைகோஃபினோலேட் போன்ற மருந்தைப் பல வருடம் தொடர்கிறார்கள்.

மீன் எண்ணெய்ப் பேச்சுக்கும் மூலம் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் செர்ஹானின் குழு, மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து உடல் 'ரிசால்வின்' என்னும் தணிப்புப் பொருள்களைச் செய்துகொள்வதைக் கண்டறிந்தது. ஆனால் நான்காம் வகை லூபஸை மீன் எண்ணெய் மாத்திரை தனியாக அடக்காது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூடவே சாப்பிடட்டும். பதிலாகச் சாப்பிட வேண்டாம்.

வைகைக்கரை:
இருவர் எழுதியதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அக்கா, உங்கள் கல்யாண விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரவு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டாள். வீட்டில் இவளுக்கும் வரன் பார்க்கிறார்கள்.

தாழம்பூ:
பார்க்கட்டும், ஆனால் மறைக்க வேண்டாம். மைகோஃபினோலேட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். எனக்கு அசாதியோபிரின் கொடுத்தார்கள். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.